ஆமை முதுகில் நான்கு நாள்

முதல் நாள், திங்கள் இரவு

என் துணிப்பெட்டி வந்தது. மச்சானின் துணிப்பெட்டி வந்தது. மச்சானின் கோல்ஃப் பையும் வந்தது. என் கோல்ஃப் பை மட்டும் வரவில்லை. ராலி-டர்ஹம் விமான நிலையத்தில் பெட்டிகள் சுற்றிவரும் பட்டை நின்று, எங்களோடு வந்த எல்லோரும் கிளம்பிப் போன பிறகும், நான் அந்த ரப்பர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். மேசையில் இருந்த பெண், பை நாங்கள் விமானம் மாறிய ஊரிலேயே தங்கிவிட்டது, நாளைக் காலை விடுதிக்கே வந்துவிடும் என்றார். எந்த விமான நிறுவனம் என்று சொல்லி என்ன ஆகப்போகிறது.

"விடு மாப்பிள்ளை, பெரிய ஆட்டம் புதன்கிழமைதானே" என்றார் மச்சான். தன் பை தோளில் தொங்கும்போது யாருக்கும் இந்த நிதானம் வரும்.

அந்தப் பெரிய ஆட்டம் வட கரோலினா மாநிலத்தின் பைன்ஹர்ஸ்ட் ஊரில், நம்பர் 2 என்ற மைதானத்தில். 2024 யு.எஸ். ஓபன் கோல்ஃப் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்த்த இரவிலிருந்தே இருவருக்கும் இந்த ஆசை. புல்வெளி முழுக்கப் பச்சையாக இல்லாமல் ஓரமெல்லாம் மணலும் காய்ந்த புதருமாக இருந்தது. குழியைக் காட்டும் கொடிக்குப் பக்கத்தில் விழுந்த பந்துகள் யோசித்துப் பார்த்துவிட்டு மெல்ல வெளியே உருண்டு போயின. ரோரி மெக்கில்ராய் கடைசி மூன்று ஹோல்களில் இரண்டு குட்டிப் பட்களை, அதாவது குழிக்குள் உருட்டும் அடிகளை, தவறவிட்டு, பிரைசன் டிஷாம்போவிடம் ஒரே ஒரு அடியில் கோப்பையை இழந்தார். அன்றே, "ஓய்வு பெற்றதும் அங்கே ஒருதடவை போய் அடி வாங்கிட்டு வரணும்" என்றார் மச்சான். இந்த வருடம் ஓய்வு பெற்றார்.

விமான நிலையத்திலிருந்து தென்மேற்கே ஒன்றேகால் மணி நேரம். வழியில் செம்மண் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, ஒரு கட்டத்துக்குப் பிறகு சாலையோரம் முழுக்க மணல்தான். கடல் இங்கிருந்து வெகுதூரம். ஆனாலும் வெகுகாலத்துக்கு முன் இங்கே கரை இருந்திருக்கிறது. அந்த மணல்மேடுகள் அப்படியே நிற்க, அவற்றின்மேல் நீண்ட ஊசியிலைப் பைன் மரங்கள். ஒவ்வொரு ஊசியும் ஒரு சாணுக்கு மேல் இருக்கும். நவம்பர் தொடக்கம் என்பதால் அவை உதிர்ந்து தரையெல்லாம் செம்பழுப்புப் பாய் விரித்ததுபோல் கிடக்கிறது.

1895-ல் பாஸ்டன்காரர் ஜேம்ஸ் வாக்கர் டஃப்ட்ஸ், சோடா விற்கும் கடைகளுக்கு இயந்திரம் செய்து விற்ற காசில், இங்கே ஏறக்குறைய 6,000 ஏக்கரை ஏக்கருக்கு ஒரு டாலர்போலக் கொடுத்து வாங்கினார். அந்த மலிவுக்குக் காரணம் உண்டு. கப்பலுக்குத் தாரும் டர்பன்டைனும் எடுப்பதற்காகப் பைன்களைக் கீறிக் கீறி வடித்து, பிறகு மரத்தையும் வெட்டிக் கொண்டுபோன மொட்டைப் பொட்டல் அது. குளிர்காலத்தில் வடக்கத்திக்காரர்கள் உடம்பு தேற்ற வரும் ஊராக அதை அமைப்பது அவர் எண்ணம். கோல்ஃப் அவர் திட்டத்திலேயே இல்லை. விருந்தாளிகள் மேய்ச்சல் நிலத்தில் பந்தடித்து மாடுகளை விரட்டியதால்தான் மைதானம் போட நேர்ந்தது என்று இங்கே கதை சொல்கிறார்கள்.

மாலையில் திஸில் டூ என்ற இடத்துக்குப் போனோம். 18 குழிகள், ஆனால் பந்தை உருட்டும் மட்டையான பட்டர் ஒன்று மட்டும் போதும். மேடு பள்ளமாக ஒரே ஒரு பெரிய புல்வெளி. 'திஸ் வில் டூ', அதாவது 'இது போதும்' என்று, அந்தக் காலத்தில் இந்த ஊரில் வீட்டுத் தோட்டத்தில் குட்டி மைதானம் போட்ட ஒரு பணக்காரர் சொன்ன சொல்லை ஸ்காட்லாந்துக்காரர் வாயில் போட்டுத் திரித்த பெயராம். மட்டையே இல்லாத என் நிலைமைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. இரவல் பட்டரை வைத்துக்கொண்டு இருட்டும்வரை உருட்டினேன். 40 அடி தூரத்திலிருந்து எத்தனை வலுவாகத் தள்ளுவது என்பது கண்ணுக்கு முன்னால் உள்ளங்காலுக்குத் தெரிகிறது. மேட்டில் நடக்கும்போது சாய்வு காலில் ஏறுகிறது.

பந்தயமும் அங்கேயே முடிவானது. ஒரு கிரீனில், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்வெளியில், மூன்று பட் அடித்தால் ஒரு டாலர் அபராதம். வித்தியாசத்தைக் கடைசி நாளில் தீர்த்துக்கொள்வது.

இரண்டாம் நாள், செவ்வாய்

பை காலை பதினோரு மணிக்கு வந்தது. பூட்டைத் திறந்து ஒவ்வொரு மட்டையாக எண்ணினேன். 14-ம் இருந்தன.

மதியம் மிட் பைன்ஸ். சில மைல் தள்ளி, சதர்ன் பைன்ஸ் ஊரில் இருக்கிறது. நம்பர் 2-ஐ அமைத்த டொனால்ட் ராஸ்தான் 1921-ல் இதையும் அமைத்தார். ராஸ் 1872-ல் ஸ்காட்லாந்தின் டோர்னாக்கில் பிறந்தவர். செயின்ட் ஆண்ட்ரூஸில் ஓல்ட் டாம் மாரிஸிடம் தொழில் கற்று, 1899-ல் அமெரிக்கா வந்து, மறு வருடமே பைன்ஹர்ஸ்ட்டில் வேலைக்குச் சேர்ந்தார். 1948-ல் இறக்கும்வரை இதுவே அவர் ஊர். நாடு முழுக்க ஏறக்குறைய 400 மைதானங்கள் அவர் கணக்கில் இருக்கின்றன. பலவற்றை வரைபடத்தோடு அனுப்பிவிட்டார், நேரில் அதிகம் நிற்கவில்லை. இங்கே இருப்பவை வீட்டு வாசலில் இருந்தவை.

மிட் பைன்ஸை 2013-ல் கைல் ஃபிரான்ஸ் மீட்டெடுத்தார். அதற்கு முன் நம்பர் 2-ஐ மீட்டெடுத்த குழுவில் வேலை பார்த்தவர். அந்த வேலையின் சாயல் இங்கே அப்படியே தெரிகிறது. பந்தடித்துப் போகும் புல்பாதையான ஃபேர்வேயின் ஓரத்தை யாரும் கத்தியால் வெட்டவில்லை. புல் மெல்ல மெல்லத் தேய்ந்து மணலாகிறது, மணலில் கம்பிப்புல் குத்துக் குத்தாக நிற்கிறது, அதற்கப்புறம் பைன் ஊசிகள். எது எங்கே முடிகிறது என்று கோடு போட முடியாது.

ஆட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 18 ஹோலுக்கும் சேர்த்து நான் 92 அடி, மச்சான் 93 (குறைந்தால் நல்லது). மூன்று பட் கணக்கு எனக்கு 3, அவருக்கு 5. இரண்டு டாலர் எனக்கு வரவேண்டும்.

கிரீன்களைப் பற்றி மட்டும் ஒன்று எழுதி வைக்கிறேன், நாளைக்குத் தேவைப்படும். மிட் பைன்ஸின் கிரீன்கள் சாய்கின்றன, ஒரு பக்கம் சரிகின்றன, ஏமாற்றவும் செய்கின்றன. ஆனால் நல்ல அடியை ஏற்றுக்கொள்கின்றன. கிரீனில் விழுந்த பந்து பெரும்பாலும் கிரீனிலேயே இருந்தது. "இதுக்கா இவ்வளவு பயமுறுத்தினாங்க" என்றார் மச்சான். பயமுறுத்தியது இதற்கல்ல என்று அவருக்கும் தெரியும்.

18-வது ஹோல் பழைய விடுதிக் கட்டடத்தை நோக்கி இறங்கி முடிகிறது. அந்தி வெளிச்சத்தில் அந்த ஹோலை ஆடியதற்காகவே இன்னொரு நாள் இங்கே வருவேன்.

மூன்றாம் நாள், புதன்

இரவு பத்து மணி ஆகிறது. விடுதியின் திண்ணையில் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். 1901-ல் திறந்த கரோலினா ஹோட்டல் இது. தூரத்தில் ராணுவ முகாமின் பீரங்கிப் பயிற்சி அவ்வப்போது இடி மாதிரி கேட்கிறது. முதல் ஹோலின் டீயில், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் இடத்தில், நின்றபோதும் ஒருமுறை கேட்டது. என் வயிற்றுக்குள் கேட்டதோ என்று ஒரு கணம் சந்தேகம்.

மட்டைப் பையைச் சுமந்து யோசனையும் சொல்லும் எங்கள் கேடி அறுபதைத் தாண்டியவர். பை இரண்டையும் இரு தோளிலும் மாட்டிக்கொண்டு எங்களைவிட வேகமாக நடந்தார். சாம்பியன்ஷிப்புக்கு 7,500 கஜத்துக்கு மேல் நீளும் மைதானம். நாங்கள் 6,300-ஐ ஒட்டிய டீயிலிருந்து ஆடினோம். பார், அதாவது தேர்ந்தவருக்கு வைத்த அடிக்கணக்கு, 72.

டீயிலிருந்து பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை, முதல் ஆச்சரியம் அதுதான். ஃபேர்வே அகலமாகக் கிடக்கிறது. ரஃப் எனும் நீளப்புல் ஓரமே இல்லை. கிரீனுக்கு ஒரு உயரம், மற்ற புல் முழுவதுக்கும் ஒரு உயரம், அவ்வளவுதான் வெட்டு. தண்ணீர் என்று பார்த்தால் 16-வது டீக்கு முன்னால் ஒரு குட்டை. டீயிலிருந்து அடிக்கும் நீள அடியான டிரைவ், என் முதலாவது, நேராகப் போனது. 150 கஜத்திலிருந்து இரண்டாவது அடி, வாழ்நாளில் இத்தனை சுத்தமாக நான் அடித்தது அபூர்வம். பந்து கொடிக்கு இடது பக்கம் பத்தடியில் விழுந்தது. நான் மட்டையைப் பைக்குள் வைத்துவிட்டுப் பட்டரைக் கேட்டேன்.

"கொஞ்சம் பொறுங்க சார்" என்றார் கேடி. பந்து உருண்டுகொண்டே இருந்தது. மெதுவாகத்தான். கிரீனின் விளிம்புக்கு வந்து, அதைத் தாண்டி, சரிவில் இறங்கி, பதினைந்து கஜம் தள்ளி ஒரு பள்ளத்தில் போய் உட்கார்ந்தது.

இந்தக் கிரீன்களை ஆமை முதுகு என்பார்கள். எனக்கு அது கவிழ்த்து வைத்த வாணலியாகத்தான் தெரிகிறது. நடுவில் கொஞ்சம் இடம் தட்டையாக இருக்கிறது, அங்கிருந்து எல்லாப் பக்கமும் வழிகிறது. அளந்தால் பெரிய கிரீன்தான். பந்து தங்குகிற இடம் என்று பார்த்தால் அதில் ஒரு பங்குதான். மிச்சமெல்லாம் கிரீன் மாதிரி தெரிகிற வழுக்குப் பாதை. வேறு மைதானங்களில் கிரீனைத் தவறவிட்டால்தான் தண்டனை. இங்கே கிரீனைத் தொட்டும் தண்டனை உண்டு.

பள்ளத்திலிருந்து அடிக்க, பந்தை உயரத் தூக்கும் மட்டையான வெட்ஜை எடுத்தேன். கேடி பட்டரை நீட்டினார். 2014-ல் மார்ட்டின் கைமர் கிரீனுக்கு வெளியே எங்கிருந்தாலும் பட்டரையே எடுத்து உருட்டி, எட்டு அடி வித்தியாசத்தில் யு.எஸ். ஓபனை வென்றதை நினைவூட்டினார். நான் கைமர் இல்லையே என்று வெட்ஜாலேயே அடித்தேன். பந்து மேட்டின் உச்சிவரை ஏறி, ஒரு நொடி நின்று, என் காலடிக்கே திரும்பி வந்தது. டபுள் போகி, பாரைவிட இரண்டு அடி அதிகம்.

அதற்குப் பிறகு பேச்சைக் கேட்டேன். பெரும்பாலும்.

மூன்றாவது கிரீனுக்குப் பக்கத்தில் ராஸின் வீடு இருக்கிறது. பிறந்த ஊரின் பெயரையே வைத்துக் கட்டிக்கொண்ட வீடு. 1907-ல் 18 ஹோல்களாகத் திறந்த இந்த மைதானத்தை அவர் நாற்பது வருடம் விடாமல் திருத்திக்கொண்டே இருந்தார் என்று படித்திருந்தேன். வீட்டையும் கிரீனையும் ஒரே பார்வையில் பார்த்தபோதுதான் அது எப்படி நடந்திருக்கும் என்று விளங்கியது. காப்பிக் கோப்பையோடு பின்வாசலில் நின்றாலே ஏதாவது ஒன்று கண்ணை உறுத்தியிருக்கும்.

ஐந்தாவது ஹோல். இதைத் தள்ளிவிட்டுப் போகலாம் என்று பார்த்தேன், மச்சான் விடமாட்டேன் என்கிறார். பார் 5. மூன்றாவது அடிக்கு முன் கேடி சொன்னது ஒன்றே ஒன்று: "இடது பக்கம் மட்டும் போகக்கூடாது." கொடி இடது பக்கம் இருந்தது. என் கண்ணும் அங்கேதான் இருந்தது. பந்து கிரீனின் இடது விளிம்பில் விழுந்து, கீழே, நான் நினைத்ததைவிட ரொம்பக் கீழே போய் நின்றது. அங்கிருந்து பட்டரால் உருட்டினேன், பாதி மேட்டில் நின்று திரும்பிவிட்டது. இன்னும் கொஞ்சம் வலுவாக உருட்டினேன், முக்கால் மேட்டிலிருந்து திரும்பியது. ரோஷம் வந்து வெட்ஜை எடுத்தேன். கிரீனைத் தாண்டி மறுபக்கத்தில் பங்கர் எனும் மணற்பள்ளம். மொத்தம் 9. மச்சான் அந்த நேரத்தில் ஒரு வார்த்தையும் பேசவில்லை, வேறு பக்கம் திரும்பிப் பைன் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோள் மட்டும் குலுங்கியது.

எட்டாவதில் கேடி ஒரு கதை சொன்னார். 1999 யு.எஸ். ஓபனின் கடைசி நாளில் ஜான் டேலி இதே கிரீனில் பந்தை ஏற்றப் பார்த்தார். அது திரும்பி உருண்டு வந்தது. மறுபடியும் அதே கதை. பொறுமை போய், உருண்டு வந்துகொண்டிருந்த பந்தையே ஓங்கி அடித்துவிட்டார். அபராதமும் சேர்ந்து அந்த ஹோலில் 11. டேலி செய்தது விதிப்படி தவறுதான். ஐந்தாவது ஹோலை ஆடிவிட்டு வந்த எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை.

பத்தும் பதினொன்றும் சுமாராகப் போயின.

பன்னிரண்டாவதில் டிரைவ் வலது பக்கம் மணலுக்குள் போனது. இந்த மணல் பங்கர் இல்லை, சாதாரண ஆடுபகுதிதான், மட்டையைத் தரையில் ஊன்றலாம். எது பங்கர், எது வெறும் மணல் என்பதைக் கேடியிடம் கேட்டே தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது, அத்தனை இயல்பாக ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடக்கிறது. என் பந்து இரண்டு கம்பிப்புல் குத்துக்கு நடுவே சுத்தமான மணலில் உட்கார்ந்திருந்தது. மச்சானின் பந்து, என்னுடையதிலிருந்து ஒரு கஜம்கூட இருக்காது, குத்துக்கு நேர் அடியில். நான் 140 கஜம் அடித்தேன். அவர் பக்கவாட்டில் தட்டி வெளியே எடுத்தார். ரஃப் என்றால் எல்லோருக்கும் ஒரே மாதிரி அபராதம், இங்கே அபராதத்தைச் சீட்டுக் குலுக்கிப் போடுகிறார்கள். இது நியாயமா என்று மச்சான் கேட்டார். எனக்கு ரொம்ப நியாயமாகப் பட்டது.

13-வதில் பார் எடுத்தேன், அது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். நீளம் குறைந்த பார் 4, கிரீன் மேட்டின்மேல். இந்த முறை கொடியைப் பார்க்கவே இல்லை. கேடி சொன்னபடி கிரீனுக்கு முன்னால், ஃபேர்வே முடியும் இடத்தில் வேண்டுமென்றே பந்தை நிறுத்தினேன். அங்கிருந்து கொடி வரைக்கும் ஒரே நேர்கோட்டு மேடு. பட்டரை எடுத்து 25 கஜம் உருட்டினேன். ஏறி, நடுவில் தங்கி, நான்கடியில் நின்றது. உள்ளே போயிற்று. கிரீனைச் சுற்றியுள்ள புல்லை ஒட்ட வெட்டியிருப்பதால்தான் இது முடிகிறது. பந்தைத் தூரத்துக்குத் துரத்துவது அந்த வழுக்கல், பட்டரை எடுக்க இடம் கொடுப்பதும் அதே வழுக்கல். நீளப்புல்லாக இருந்தால் எல்லோரும் வெட்ஜை எடுத்துப் பிடுங்கி அடிப்பதைத் தவிர வேறு வழி இருக்காது. அதற்கு மூளை வேண்டாம்.

16-வதில் மெக்கில்ராய் தவறவிட்ட இரண்டரை அடிப் பட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே நான் மூன்றடிப் பட்டைத் தவறவிட்டேன். பேச்சை நிறுத்தினேன்.

18-வது மேலேறிப் போகிறது. 2024-ல் கிரீனுக்கு 55 கஜம் முன்னால் இருந்த பங்கரிலிருந்து டிஷாம்போ அடித்து கோப்பையை வாங்கியது இங்கேதான். 1999-ல் பெய்ன் ஸ்டூவர்ட் 15 அடிப் பட்டை உள்ளே போட்டு ஃபில் மிக்கல்சனை ஒரு அடியில் வென்றதும் இங்கேதான். அன்று தூறல். மேலங்கியின் கையைக் கத்தரியால் வெட்டிவிட்டு ஆடினார். நான்கு மாதத்தில் விமான விபத்தில் இறந்துபோனார். ஒரு காலைத் தூக்கி, முஷ்டியை நீட்டி நிற்கும் அவர் சிலை கிரீனுக்குப் பின்னால் இருக்கிறது. கேடி ஓரிடத்தில் பந்தைப் போட்டு, கிட்டத்தட்ட இங்கிருந்துதான் என்றார். இருவரும் முயன்றோம். மச்சான் உள்ளே போட்டார். காலைத் தூக்கி முஷ்டியை நீட்டப் போய் முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

நான் 101, மச்சான் 94. மூன்று பட் எனக்கு 8, அவருக்கு 4. நேற்றைய இரண்டு டாலர் போக நான் தரவேண்டியது 2.

இனி இரவில் நடந்த வாக்குவாதம்.

1970-ல் டஃப்ட்ஸ் குடும்பம் இந்த இடத்தை விற்ற பிறகு, மணலெல்லாம் மூடி, ஓரம்வரை பெர்முடா புல் வளர்த்து, ஃபேர்வேயை ஒடுக்கி, நம்பர் 2-ஐ மற்ற மைதானங்கள் மாதிரி ஆக்கிவிட்டார்கள். 2010-ல் மைதானம் அமைப்பவர்களான பில் கூர், பென் கிரென்ஷா இருவரும் அதைக் களைய வந்தார்கள். 1943-ல் ராணுவம் வானிலிருந்து எடுத்த புகைப்படங்கள் கிடைத்தன. ஃபேர்வேயின் நடுவே மண்ணுக்குள் பழைய தண்ணீர்க் குழாய் ஓடிய தடமும் தெரிந்தது. ராஸ் காலத்தில் ஒற்றை வரிசைக் குழாய்தான். தண்ணீர் தெறித்த தூரம்வரை பச்சை, அதற்கப்புறம் காய்ந்த மணல். அந்தக் குழாயையே நடுக்கோடாக வைத்து அகலத்தை நிர்ணயித்தார்கள். 35 ஏக்கர்போலப் புல்லை உரித்து எடுத்தார்கள். 1,150 ஆக இருந்த தண்ணீர் தெளிப்பான்கள் 450 ஆயின. 2011-ல் திறந்தார்கள். செலவு செய்து ஒரு மைதானத்தைக் காயவிட்டார்கள் என்று அப்போது முகம் சுளித்தவர்கள் உண்டு. புதுப்பிப்பது என்றால் எதையாவது சேர்ப்பது என்று பழகிய காலம்.

ஆனால் கிரீன்களை அவர்கள் தொடவில்லை. 15, 17 இரண்டில் மட்டும் சின்னத் திருத்தம். வாக்குவாதம் இங்கேதான். 1930-களின் நடுப்பகுதி வரைக்கும் இங்கே புல் கிரீனே கிடையாது. தட்டையான மணல் கிரீன்கள்தான். 1936 பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பை ஒட்டித்தான் ராஸும், மைதானத்தைப் பராமரித்த ஃபிராங்க் மேப்பிள்ஸும் புல் கிரீன்களை மேடு பள்ளத்தோடு அமைத்தார்கள். அதன்பின் வருடாவருடம் மேலே மணல் தூவித் தூவி, நடுப்பகுதி உயர்ந்து உயர்ந்து இன்றைய ஆமை முதுகு உண்டானது, ராஸ் இத்தனை உருண்டையாகச் செய்யவே இல்லை என்று ஒரு கட்சி வெகுநாளாகச் சொல்கிறது. நேற்று மிட் பைன்ஸில் ஆடிய யாருக்கும் அது சரி என்றே தோன்றும். அதே ஆள், அதே மணல், அடுத்த ஊர். அங்கே பந்து தங்குகிறது.

"அப்படின்னா இது பாதி மீட்பு" என்றார் மச்சான். "ஓரத்தை 1943-க்குக் கொண்டுபோயிட்டு, கிரீனை மட்டும் விட்டுட்டாங்க. செஞ்சா முழுசா செய்யணும் மாப்பிள்ளை."

"இல்லை மச்சான். புல்லை ஒருத்தர் முடிவெடுத்துப் போட்டார், அதனால எடுக்கலாம். கிரீன் அப்படியா? யாரும் முடிவெடுக்காம, எண்பது வருஷத்து மணல் சேர்ந்து ஆனது. அதை எந்த வருஷத்துக்குத் திருப்புவீங்க?"

"நீ ஐந்தாவதுல ஒன்பது வாங்கினவன். நீயா அதுக்குப் பரிஞ்சு பேசறே?"

எனக்கும் அதுதான் விளங்கவில்லை. பீரங்கி ஓய்ந்துவிட்டது. மச்சான் தூங்கப் போய்விட்டார்.

நான்காம் நாள், வியாழன்

காலையில் ஊருக்குள் இருக்கும் டஃப்ட்ஸ் ஆவணக் காப்பகத்துக்குப் போனோம். சாட்சி தேடித்தான். ராஸின் கையால் வரைந்த ஹோல் படங்கள் இங்கே ஏராளம். கட்டம் போட்ட தாளில், ஒரு தாளுக்கு ஒரு கிரீன், ஓரத்தில் சிறுசிறு எழுத்தில் குறிப்புகள்: எந்தப் பக்கம் எத்தனை அடி உயர்த்துவது, பங்கர் எத்தனை ஆழம். கவித்துவம் ஒன்றும் இல்லை. கொத்தனாருக்குக் கொடுக்கிற கணக்கு மாதிரி இருக்கிறது. அந்தத் தாள்களை நான் நின்று பார்த்த நேரத்தை மச்சான் கடிகாரத்தில் அளந்திருக்கிறார், 50 நிமிடமாம்.

பழைய புகைப்படங்களும் இருந்தன. மணல் கிரீன் படம் ஒன்றில் கோட்டும் தொப்பியும் அணிந்த ஆட்கள் தட்டையான ஒரு சதுரத்தைச் சுற்றி நிற்கிறார்கள், களத்துமேட்டில் நெல் அளக்க நிற்பவர்கள் மாதிரி. பிறகு புல் கிரீன் வந்த காலத்துப் படங்கள். மச்சான் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். கிரீன் ஓரம் சரிகிறது, அது தெரிகிறது. எத்தனை சரிகிறது? கருப்பு வெள்ளையில், நிழல் விழாத வெயிலில், ஒரு அடி உயர வித்தியாசத்தை எந்தப் புகைப்படமும் காட்டாது.

ஆனால் ஒரு படத்தின் ஓரத்தில் நேற்று நான் நின்ற மாதிரியே மணல், கம்பிப்புல் குத்துகள், பைன் ஊசி. குத்துக்கு நடுவே ஒருவர் குனிந்து எதையோ தேடுகிறார். பந்தைத்தான் தேடியிருப்பார்.

"இந்தப் பக்கம் நம்பறேன்" என்றார் மச்சான். "கிரீன் விஷயத்துல இன்னும் சந்தேகம்தான்."

2029-ல் யு.எஸ். ஓபனும் பெண்கள் யு.எஸ். ஓபனும் அடுத்தடுத்த வாரத்தில் மறுபடி இங்கே வருகின்றன. 2014-ல் அப்படி நடந்தபோது கைமர் வென்ற மறு வாரம் இதே கிரீன்களில் மிஷெல் வீ வென்றார். அப்போது வந்து கயிற்றுக்கு வெளியே நின்று அடுத்தவர் பந்து உருள்வதைப் பார்க்கலாம் என்று பேசிக்கொண்டோம். அது உடம்புக்கும் நல்லது.

விமானத்துக்கு நேரம் இருந்தது. திஸில் டூவில் கடைசி ஆட்டம், குழிக்கு ஒரு டாலர். இந்த முறை என் சொந்தப் பட்டர். முதல் நாள் இரவலில் உருட்டியதைவிட மோசமாக உருட்டினேன். ஒவ்வொரு மேட்டையும் பார்த்ததும் கை தானாக ஐந்தாவது ஹோலின் வேகத்தில் தள்ளியது, பந்து குழியைத் தாண்டி அடுத்த குழி ஆடுகிறவர்களிடம் போனது. ஒரு சிறுமி இரண்டு முறை பந்தை எடுத்துக் கொடுத்தாள். மூன்றாவது முறை காலால் நிறுத்தி, நான் வரும்வரை காத்திருந்தாள்.

ஐந்து டாலர் தோல்வி. பழைய இரண்டையும் சேர்த்து ஏழு. மச்சான் ஏழையும் எண்ணி வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, வண்டிச் சாவியை என் கையில் கொடுத்தார்.